சபை ஹாலின் கதவைத் திறந்து வைக்க உங்கள் உதவி வேண்டும்

கர்த்தருக்குள் அன்பான சபையாருக்கும், எங்கள் தெருவிலும் சுற்று வட்டாரத்திலும் வசிக்கும் அன்பர்களுக்கும் ஹால் கமிட்டியின் வணக்கம். ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் இருக்கும் நோயாளிகளுக்குத் துணையாக வந்து, தங்க இடமில்லாமல் நிற்பவர்கள் ராத்திரியில் குளித்துப் படுக்க நம் சபை ஹாலைத் திறந்துவிட நினைக்கிறோம்; அதற்குத்தான் உங்கள் உதவியைக் கேட்கிறோம்.

போன ஐப்பசியில் ஒரு செவ்வாய்க்கிழமை ராத்திரி, பாடகர் குழு பயிற்சி முடிந்து ஹாலைப் பூட்டிக்கொண்டிருந்தோம். நல்ல மழை. சன்ஷேடுக்கு அடியில் வயதான ஓர் அம்மாவும் அவருடைய மருமகனும் ஒதுங்கி நின்றார்கள். எக்ஸ்ரே கவர் நனையாமல் இருக்க அதைச் சட்டைக்குள் சொருகி, மேலே கையை வைத்து அழுத்திப் பிடித்திருந்தார் அந்த இளைஞர். கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஒரு கிராமமாம். மகளுக்கு ஆபரேஷன் முடிந்து நான்கு நாள். உள்ளே கூட்டி வந்து உட்கார வைத்து, டீ வாங்கி வரட்டுமா என்று கேட்டோம். "டீ இருக்கட்டும்பா. குளிக்க ஒரு பக்கெட் தண்ணி கிடைக்குமா?" என்றார் அந்த அம்மா.

ஹாலுக்குப் பின்னால் இருந்த ஒரே பாத்ரூமில் உடைந்த நாற்காலிகளையும் கிறிஸ்துமஸ் நட்சத்திரங்களையும் அடைத்து வைத்திருந்தோம். நான்கு பேர் சேர்ந்து அதையெல்லாம் வெளியே எடுத்துப் போட்டோம். அவர் குளித்தார், புடவையைத் துவைத்து மாடிப்படிக் கைப்பிடியில் உலர்த்தினார், மேடை ஓரமாகப் படுத்தார். விடியும் வரை அசையவில்லை.

அந்த ராத்திரியிலிருந்து எங்களுக்கு மனசு ஆறவில்லை. பழைய வண்ணாரப்பேட்டையில், ஸ்டான்லி ஆஸ்பத்திரிக்கு நடந்து போகிற தூரத்தில் நம் ஹால் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை ஓய்வுநாள் பள்ளி, எப்போதாவது ஒரு நிச்சயதார்த்தம், ஒரு பிறந்தநாள். மற்ற ராத்திரிகளில் பூட்டுத்தான். அயலானை நேசி என்று உள்ளே பாடுகிறோம். அயலான் வெளியே சுவரில் சாய்ந்து தூங்குகிறான்.

இந்த வட்டாரத்துப் பெரியவர்கள் ஸ்டான்லியை இன்றைக்கும் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்பார்கள். 1782ஆம் ஆண்டுப் பஞ்சத்தில் பசித்து வந்தவர்களுக்குக் கஞ்சி ஊற்றத் தொடங்கிய மணியக்காரர் சத்திரம்தான் அதன் வேர். சத்திரத்தோடு ஒட்டி வைத்தியம் வந்தது, அப்புறம் ஆஸ்பத்திரி வளர்ந்தது, 1938இல் மருத்துவக் கல்லூரியும் ஆனது. முதலில் இருந்தது சத்திரம் என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

எரிகோவுக்குப் போகும் வழியில் அடிபட்டுக் கிடந்தவனைத் தூக்கிய நல்ல சமாரியனைப் பற்றி எத்தனையோ பிரசங்கம் கேட்டிருக்கிறோம். அவன் ஒரு ராத்திரி கூட இருந்தான், மறுநாள் இரண்டு பணத்தைக் கொடுத்துவிட்டுப் பயணம் போனான். அதற்குப் பிறகு அந்தக் காயப்பட்டவனுக்குத் தண்ணீர் கொடுத்து, படுக்கை போட்டு, தினமும் பார்த்துக்கொள்ள வேண்டிய பொறுப்பு சத்திரக்காரன் கையில் வந்தது. இந்த ஊரில் கர்த்தர் நமக்குக் கொடுத்திருப்பது அந்தச் சத்திரக்காரன் வேலை என்று கமிட்டியில் எல்லாரும் மனதார நம்புகிறோம்.

சாப்பாடு போடலாமே என்று சிலர் சொன்னார்கள். அம்மா உணவகத்தில் ஒரு ரூபாய்க்கு இட்லியும் ஐந்து ரூபாய்க்குச் சாம்பார் சாதமும் கிடைக்கிற நகரம் இது. ஆஸ்பத்திரி வாசலில் பொட்டலம் கொண்டுவந்து கொடுக்கும் நல்லவர்களும் உண்டு. துணைக்கு வந்தவர்களிடமே உட்கார்ந்து கேட்டபோது தெரிந்தது வேறு. குளிக்க வேண்டும், துணி துவைக்க வேண்டும், பயமில்லாமல் இரண்டு மணி நேரம் கண்ணை மூட வேண்டும். போன் சார்ஜ் போட வேண்டும். வார்டிலிருந்து ரத்தம் வேண்டும் என்று கூப்பிடும்போது போன் அணைந்திருந்தால் என்ன ஆவது? ஆதார், ரேஷன் கார்டு, காப்பீட்டு அட்டை எல்லாம் இருக்கும் பையைத் தலைக்கு வைத்துத்தான் படுக்கிறார்கள். அந்தப் பை போனால் சிகிச்சையே தடுமாறும். மாநகராட்சி நடத்தும் காப்பகங்களும் நகரத்தில் இருக்கின்றன. அவற்றோடு நாமும் ஒரு கை கொடுக்கிறோம், அவ்வளவுதான்.

ஆகவே பின்பக்கத்தில் நான்கு குளியலறையும் நான்கு கழிப்பறையும் கட்டுகிறோம். அதில் இரண்டு, முட்டி மடக்க முடியாத பெரியவர்களுக்காக வெஸ்டர்ன் மாடலில் சுவர்க் கைப்பிடியோடு. கடல் பக்கம் என்பதால் நம் போர்த் தண்ணீர் உப்பு. குடிக்க மெட்ரோ வாட்டர் தொட்டி தனியாக வேண்டும். கட்டும் வேலைக்கும் தொட்டிக்கும் சேர்த்து 6,40,000 ரூபாய். மின்விசிறி, சார்ஜ் பாயிண்ட், பெண்கள் பகுதிக்குத் தடுப்பு இவற்றுக்கு 70,000. பூட்டு போடும் அலமாரிக்கு 85,000. பாய், போர்வைக்கு 30,000. மொத்தம் 8,25,000 ரூபாய்.

இதுவரை 2,60,000 சேர்ந்திருக்கிறது. அறுப்பின் பண்டிகை ஏலத்தில் வந்ததும், பெண்கள் ஐக்கிய சங்கத்தார் ஒவ்வொரு நாளும் உலை வைக்கும்போது ஒரு பிடி எடுத்து வைத்துச் சேர்த்த கைப்பிடி அரிசி விற்ற பணமும் அதில் அடக்கம். இன்னும் 5,65,000 தேவை. திறந்த பிறகு ராத்திரிக் காவலர், துப்புரவு, தண்ணீர் லாரி, கரண்ட் என்று மாதம் 30,000 ஆகும். மாதம் 500 ரூபாய் தர 60 குடும்பங்கள் வேண்டும்; 22 குடும்பங்கள் பெயர் கொடுத்துவிட்டார்கள்.

கமிட்டியில் நீண்ட நேரம் பேசிய விஷயம் ஒன்று உண்டு. வருகிறவர்களுக்குச் சுவிசேஷம் சொல்ல வேண்டாமா என்று மூத்தவர் ஒருவர் கண் கலங்கிக் கேட்டார். அவர் பாரம் எங்களுக்குப் புரிகிறது. ஆனாலும் முடிவு இது: யாரிடமும் மதம் கேட்க மாட்டோம், கைப்பிரதி கொடுக்க மாட்டோம். மகள் ஐசியுவில் கிடக்கும்போது பாய்க்காகத் தலையாட்ட வேண்டிய நிலையில் ஒருவரையும் நிறுத்தக் கூடாது. ஜெபிக்கச் சொல்லி அவர்களே கேட்டால், பக்கத்தில் உட்கார்ந்து ஜெபிப்போம். அந்த மூத்தவர்தான் இப்போது முதல் ராத்திரிக் காவலுக்குப் பெயர் கொடுத்திருக்கிறார்.

பணம் தருகிறவர்களுக்குச் சில விவரங்கள். எவ்வளவு சிறிய தொகைக்கும் ரசீது உண்டு. ரசீது இல்லாமல் யாரிடமும் கொடுக்காதீர்கள். நமக்குத் தரும் பணத்துக்கு 80ஜி வருமான வரிவிலக்கு கிடையாது. வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்ட உறவினர்கள் அனுப்பும் பணத்தைச் சட்டப்படி நம்மால் வாங்க முடியாது, மன்னியுங்கள். வரவு செலவுக் கணக்கை ஒவ்வொரு மாதமும் முதல் ஞாயிறு ஹால் வாசலில் ஒட்டுவோம், சபையில் இல்லாதவர்களும் வந்து பார்க்கலாம். கொத்தனார், பிளம்பர், எலக்ட்ரீஷியன் சகோதரர்கள் ஒரு நாள் வேலையைக் காணிக்கையாகத் தந்தாலும் நன்றியோடு ஏற்றுக்கொள்கிறோம்.

வரும் ஞாயிறு ஆராதனை முடிந்ததும் ஹால் திறந்திருக்கும். எங்கே என்ன வருகிறது என்று சுண்ணாம்பில் கோடு போட்டு வைத்திருக்கிறோம், வந்து பாருங்கள். போர்வை தர விரும்புகிறவர்கள் துவைத்து, வெயிலில் காயவைத்துக் கொண்டுவாருங்கள். கிழிந்தது வேண்டாம். உங்கள் வீட்டுக்கு வரும் விருந்தாளிக்குக் கொடுப்பதைக் கொடுங்கள்.

இப்படிக்கு,
ஹால் கமிட்டியார்
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை