நம்ப தாமான் (குடியிருப்பு) ருக்குன் தெத்தாங்கா (அக்கம்பக்கத்து காவல்) கமிட்டிக்கு: ரோந்த பகல்லயும் போடுங்க

தலைவர் அண்ணனுக்கும் கமிட்டியில உள்ள எல்லாருக்கும் வணக்கம்.

ராத்திரி 12 மணிக்கு மேல டார்ச் லைட்டும் கையுமா ரோந்து சுத்திட்டு மறுநாள் வேலைக்கும் போறீங்க, அதுக்கு நாங்க எல்லாரும் கடமைப்பட்டிருக்கோம். ஆனா நம்ப வீடுங்க காலியா கெடக்குறது பகல்லண்ணே. புருஷன் பொஞ்சாதி ரெண்டு பேரும் ஃபேக்டரிக்கு, புள்ளைங்க ஸ்கூலுக்குன்னு போனப்புறம் 9 மணி வாக்குல லோரோங்ல (சந்துல) ஒரு நட நடந்து பாருங்க.

வீடு பூந்து திருடுறவன் மொதல்ல தேடுறது உள்ள ஆள் இருக்கான்னுதான். வெளிநாட்டுல ஆராய்ச்சிக்காரங்க திருடனுங்ககிட்டயே கேட்டப்பவும் இதத்தான் திரும்பத் திரும்ப சொல்லியிருக்கானுங்க. கேட்டுல வெளிப்பக்கமா சங்கிலி போட்டு பூட்டு தொங்குது, பட்டப்பகல்ல போர்ச் லைட்டு எரியுது, போன வாரம் சொருகுன நோட்டீஸ் அப்படியே நிக்குது, காடி (காரு) இல்ல, வாசல்ல ஒரு ஜோடி செருப்பு கூட இல்ல. சந்தேகம்னா பெல் அடிப்பான், யாராச்சும் வந்தா ஏதாவது ஒரு பேர சொல்லி அவரு வீடு இதுவான்னு கேட்டுட்டு நவுந்துடுவான். யாரும் வரலன்னா பின்பக்கம் போவான், நம்ப பழைய வீட்டு குசினியில பட்ட பட்டையா சொருகுன நாக்கோ ஜன்னல் கண்ணாடிய ஒன்னொன்னா சத்தமில்லாம உருவி கீழ வெச்சிடலாம். செம்பனத் தோட்டத்த ஒட்டுன ஓரத்து வீடுங்க இன்னும் மோசம், பாக்குறதுக்கு எதுத்த வீடு கெடையாது, ஓடுறதுக்கு தோட்டம் இருக்கு.

ஒருவாட்டி பூந்த வீட்டுக்கும் அதுக்கு அக்கம்பக்கத்து வீட்டுக்கும்தான் அடுத்த சில வாரம் ஆபத்து அதிகம். வழி தெரிஞ்சிடுச்சு, நாய் எங்க கட்டியிருக்குன்னு தெரிஞ்சிடுச்சு, போன டிவிக்கு பதிலா புதுசு வரும்னும் தெரியும். இங்கிலாந்துல ராச்டேல் பக்கம் கிர்க்ஹோல்ட்னு ஒரு குடியிருப்பு, 1986ல அங்க திருடு போன வீட்டையும் அத சுத்தி உள்ள அஞ்சாறு வீட்டையும் ஒருத்தர ஒருத்தர் பாத்துக்க வெச்சாங்க, பூட்ட பலமா மாத்துனாங்க, காசு போட்டா கரண்டு, கேஸ் வர்ற மீட்டர கழட்டுனாங்க, ஏன்னா அந்த காசுக்காகவே ஒடச்சானுங்க. 3 வருஷத்துல திருட்டு முக்கால்வாசி கொறஞ்சிடுச்சு.

இங்க கோயிலுக்குப் பின்னாடி வரிசையில ஒரு வீட்ட ஒடச்சப்ப நாம என்ன செஞ்சோம்? வாட்சாப்புல படம் போட்டோம், பாலாய்ல (போலீஸ் ஸ்டேஷன்ல) ரிப்போர்ட் ஆச்சு, ரெண்டு நாள் பேசுனோம். அடுத்த வாரமே பக்கத்து வீடு. அந்த வீட்டு ஆயா நகைய அரிசி டின்னுக்குள்ள வெச்சிருந்தாங்க, குசினி தரையெல்லாம் அரிசி, அது மேலயே செருப்புத் தடம். அந்த ஒரு வாரம் நாம கண்ணு வெச்சிருக்கலாம்ல?

ஞாயித்துக்கெழம கூட்டத்துல இத முடிவு பண்ணுங்கண்ணே. ஒரு வீடு ஒடஞ்சா அன்னைக்கே அந்த வீட்டுக்கும் சுத்தி உள்ள வீடுங்களுக்கும் ஒரு மாசத்துக்கு ஆள் போடணும். தைப்பூசத்துக்கு பாதி தாமான் பத்துமலைக்குப் போயிடும், தீமிதி அன்னைக்கும் அப்படித்தான், யாரு வீட்டுல தங்குறாங்கன்னு முன்னாடியே பேர் எழுதிடுங்க. ஊருக்குப் போறவங்க பாலாய்ல சொல்லிட்டுப் போகணும்னு போலீஸே கேக்குது, பாதி பேருக்கு அது தெரியாது, அதையும் கமிட்டி எடுத்து சொல்லணும். பகல் ரோந்துக்கு ஆள் இல்லன்னு நெனைக்காதீங்க, நைட் ஷிப்ட்டுக்காரங்க, பென்ஷன் வாங்குறவங்க எத்தனையோ பேர் இருக்காங்க, யாரும் கேக்கலையேன்னுதான் சும்மா இருக்காங்க. எங்க லோரோங்குக்கு மொத ஆளா என் பேர எழுதிக்குங்க.