மலைவாழைக் குருத்தை உறைநிலையில் சேமிக்கக் கோரி மீண்டும் ஒரு மனு

அனுப்புநர்:
கீழ்பழனி மலை வாழை விவசாயிகள்,
தாண்டிக்குடி சுற்றுவட்டாரம்.

பெறுநர்:
உயர்திரு தோட்டக்கலைத் துறை உயர் அலுவலர் அவர்கள்.

பொருள்: விருப்பாச்சி மலைவாழையின் பழைய தாய்த்தூர்களில் கன்று எடுத்து, குருத்து நுனிகளைத் திரவ நைட்ரஜனில் சேமிக்க வேண்டுதல் தொடர்பாக.

பார்வை: இதே பொருளில் நாங்கள் கொடுத்து, பதில் வராத முந்தைய மனுக்கள்.

மதிப்பிற்குரிய அய்யா,

வணக்கம். தாங்கள் இந்த மலையை நன்கு அறிந்தவர். பெரும்பாறையில் ஏறி, தடியன்குடிசை ஆராய்ச்சி நிலையத்தைத் தாண்டினால் காப்பிச் செடிக்கு நடுவே நிற்பது எங்கள் வாழைதான். பழனி பஞ்சாமிர்தத்துக்குப் போவதும் இதே பழம்தான். எனவே ஊர் விவரம் எழுதி தங்கள் நேரத்தை எடுத்துக்கொள்ளாமல், பணிவுடன் தெரிவித்துக்கொள்வது:

1. மலைவாழைக்கு விதை கிடையாது. தூர் செத்தால் அந்த வம்சமே போனது. நார்வே நாட்டு ஸ்வால்பார்ட் பெட்டகத்தில் −18 டிகிரியில் விதைகளை வைக்கிறார்கள். வாழைக்கு அந்த வழியும் இல்லை.

2. முடிக்கொத்து என்னும் வைரஸ் நோய். 1970களின் தொடக்கத்தில் சுமார் 18,000 ஹெக்டேரில் இருந்த மலைவாழை, பிறகு 2,000 ஹெக்டேர் அளவுக்குச் சுருங்கியதற்கு முதல் காரணம் இதுதான் என்று தங்கள் துறைக்கே தெரியும். இலைக்காம்பில் புள்ளியும் கோடுமாகக் கரும்பச்சைக் கீற்று தெரிந்தாலே எங்களுக்கு வயிறு கலங்கிவிடும். அடுத்து வரும் இலைகள் குறுகி, விறைத்து, உச்சியில் கொத்தாக நிற்கும். தார் விடாது. பக்கத்துத் தூருக்கு அசுவினிப் பூச்சி நோயைக் கொண்டுபோகும் முன் நாங்களே மண்ணெண்ணெய் ஊற்றி, கிழங்கோடு தோண்டி, துண்டு துண்டாக வெட்டிக் காயப்போட வேண்டும். பாட்டன் வைத்த தூர் அய்யா. கன்று ஒன்றைக்கூட எடுத்து வேறு இடத்தில் வைக்க முடியாது, நோய் கன்றிலேயே இருக்கும். கடப்பாரையைப் போடும்போது, இந்தத் தூரின் சுத்தமான நுனி எங்காவது ஒரு குப்பியில் இருக்கிறது என்று தெரிந்தால் மனசு ஆறும். இருக்கிறதா என்பதே தெரியாமல்தான் தோண்டிக்கொண்டிருக்கிறோம்.

3. "திசு வளர்ப்புக் கன்று மானியத்தில் தருகிறோமே, அப்புறம் என்ன" என்று ஒரு அலுவலகத்தில் சொன்னார்கள். நாங்கள் நடவுக்குக் கன்று கேட்கவில்லை. சில தாய்மரங்களிலிருந்து பெருக்கிய கன்று எத்தனை லட்சம் வந்தாலும் அது அந்தச் சில மரங்கள்தான். மலையில் இடத்துக்கு இடம் நிற்கும் பழைய தூர்களின் வேறுபாடு அதில் வராது. சோதனைக் குழாயிலேயே வைத்துக் காப்பாற்றுவதென்றால், குளிரில் வளர்ச்சியை மட்டுப்படுத்தினாலும் வருடத்துக்கு ஒருமுறையாவது வெட்டி மாற்றி வைக்க வேண்டும். மாற்ற மாற்ற குணம் பிறழ்ந்த கன்று வரும் ஆபத்தும் உண்டு. வயலில் வைத்துக் காப்பாற்றலாம் என்றால் நோய், காற்று, காட்டுமாடு, யானை. கஜா புயல் 2018இல் இந்த மலையில் என்ன செய்தது என்று தாங்களே பார்த்தீர்கள்.

4. நாங்கள் கேட்பது புதிதும் அல்ல. குருத்தின் உள்ளே ஒரு மில்லிமீட்டர் அளவுள்ள நுனியை எடுத்து, செல்லுக்குள் பனிப்படிகம் உண்டாகாதபடி காப்புக் கரைசலில் ஊறவைத்து, அலுமினியத் தாள் கீற்றில் வைத்து, −196 டிகிரி திரவ நைட்ரஜனில் இறக்குகிறார்கள். எத்தனை வருடமானாலும் எடுத்து முளைக்க வைக்கலாம். பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழகத்தில் 1985 முதல் உலக வாழை ரகங்களைச் சேர்க்கிறார்கள். ஆயிரத்துக்கும் மேற்பட்டவை திரவ நைட்ரஜனில் இருக்கின்றன, அதன் மறுபிரதி பிரான்சில் மோன்பெலியேயில். அவ்வளவு தூரம் போக வேண்டாம். டெல்லியில் தேசிய தாவர மரபுவள நிறுவனத்தில் உறைநிலை வங்கி இருக்கிறது. திருச்சியில் தேசிய வாழை ஆராய்ச்சி மையம் இருக்கிறது. எங்கள் ஊர் கால்நடை மருந்தகத்தில் சினை ஊசிக்கு உறைவிந்து வைத்திருக்கும் கேனில்கூட இதே திரவ நைட்ரஜன்தான். காளைக்கு இருக்கும் அக்கறை வாழைக்கு இல்லையா?

5. "தங்கள் மனு முடித்து வைக்கப்பட்டது" என்று குறுஞ்செய்தி வருகிறது. என்ன முடிந்தது அய்யா? யார் வந்து பார்த்தார்கள்?

6. எங்கள் தூர்கள் ஏற்கெனவே உறைநிலை வங்கியில் இருக்கிறதென்றால், இருக்கிறது என்று ஒரு வரி எழுத்தில் கொடுங்கள். இல்லையென்றால் இல்லை என்று கொடுங்கள். அதற்கும் ஒரு மனுவா?

ஆகவே அய்யா அவர்கள் கருணை கூர்ந்து, நோய் இன்னும் தொடாத மேல்மலைத் தூர்களில் ஈட்டிக்கன்று (குறுகிய, ஈட்டி போன்ற இலையுள்ள பக்கக்கன்று) எடுக்க ஆராய்ச்சியாளர்களை அனுப்பி, வைரஸ் பரிசோதனை செய்து, நுனிகளை உறைநிலையில் வைத்து, எந்தத் தூர் எந்த எண்ணில் இருக்கிறது என்ற பட்டியலை எங்களுக்கும் தருமாறு மீண்டும் மீண்டும் கேட்டுக்கொள்கிறோம். ஐப்பசி மழை பிடிப்பதற்குள் வந்தால் நல்லது. பிறகு ஜீப் ஏறாது. வரும் நாளை முன்கூட்டிச் சொன்னால் போதும். தோண்ட ஆளும் கடப்பாரையும் எங்களுடையவை, கன்றைச் சுமந்து சாலைவரை கொண்டுவருவதும் எங்கள் பொறுப்பு.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
கீழ்பழனி மலை வாழை விவசாயிகள்
(கையொப்பங்கள் இணைக்கப்பட்டுள்ளன)