சைக்கிளை வகுப்புக்குள் உருட்டி வாருங்கள்: வடக்கின் விஞ்ஞான ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஆசிரியர்களுக்கு,

வணக்கம். போன மாதம் கோடிக்குள் கிடந்த கொட்டிலைத் துப்புரவாக்கும்போது எங்கள் பழைய ரலி சைக்கிள் வெளியே வந்தது. பதினோராம் ஆண்டு படிக்கும் என் மகள் பின் சில்லோரம் தொங்கியதைக் காட்டி, "அப்பா, இதென்ன சின்னப் போத்தல் மாதிரி?" என்று கேட்டாள். சில்லோடு உரசிச் சுழன்று லைற்றுக்கு மின்சாரம் தரும் தைனமோ என்றேன். "ஓ, அதோ!" என்று ஓடிப்போய்க் கொப்பியை எடுத்துவந்தாள். காந்தம், சுருள், மெல்லிரும்பு அகணி எல்லாம் அடிமட்டம் வைத்துக் கீறிப் பெயர் குறித்திருந்தாள். சிவப்புப் பேனாவில் சரியும் போட்டிருந்தது. கொப்பியில் இருந்ததும் சைக்கிளில் இருந்ததும் ஒன்றென்றுதான் நான் சொல்லும்வரை அவளுக்குத் தெரியவில்லை.

உங்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. சோதனைக்கு முன் பாடத்தை முடிக்க நீங்கள் படும் பாடு பெற்றோருக்கும் தெரியும். கேட்பது ஒன்றுதான். காந்தம் அசையச் சுருளில் மின் பிறக்கும் மின்காந்தத் தூண்டலைப் படிப்பிக்கும் அன்றைக்கு, கரும்பலகையில் கீறுவதற்கு முன் தைனமோ பூட்டிய சைக்கிள் ஒன்றை வகுப்புக்குள் உருட்டி வாருங்கள்.

எங்களுக்கு இதைப் படிப்பிக்க ஆள் தேவைப்படவில்லை. 1990 இல் குடாநாட்டில் மின்சாரம் நின்றது. பற்றறி தடைசெய்யப்பட்ட சாமான்களில் ஒன்று. செய்தி கேட்கச் சைக்கிளை விட்டால் வேறு வழியில்லை. அண்ணர் பின் சில்லை ஸ்ராண்டில் தூக்கி நிறுத்தி, தைனமோவை ரயரோடு சாய்த்துவிட்டு மிதிப்பார். வயர் பிடிப்பது என் வேலை. முதல்நாள் நேரே றேடியோவுக்குக் கொடுத்தோம். உறுமல்தான் வந்தது. றேடியோ திருத்தும் ஒருவர், மின்னை ஒரு திசையில் மட்டும் விடும் நாலு இருவாயிகளையும் (டயோட்) மின்னைச் சேர்த்து வைக்கும் ஒரு கொள்ளளவியையும் ஒட்டித் தந்த பிறகே பிபிசியின் தமிழோசை வாய் திறந்தது. திசை மாறி மாறி ஓடும் ஆடலோட்டமும் ஒரே திசையில் ஓடும் நேரோட்டமும் வேறு வேறு என்பது அந்த உறுமலில் எனக்கு விளங்கிவிட்டது. சொற்களைப் பிறகு பள்ளிக்கூடத்தில் தந்தார்கள். அண்ணர் களைத்தால் செய்தி வாசிப்பவரின் குரலும் இறங்கும். முற்றத்தில் குந்தியிருக்கும் பெரியவர்கள், "மிதியடா, மிதி!" என்று கத்துவார்கள்.

பிள்ளைகள் அந்தக் காலத்தை அனுபவிக்க வேண்டாம். தைனமோவின் தலையை இரண்டு விரலால் திருப்பிப் பார்க்கட்டும், போதும். வழுவழுவென்று சுழலாது, கடக் கடக்கென்று பிடித்துப் பிடித்து விடும். உள்ளே காந்தத்தின் முனைகள் இரும்பைப் பற்றுவதும் விடுவதும் அது. பிறகு சிவப்பும் பச்சையுமாக இரண்டு ஒளிகாலும் இருவாயிகளை (LED) எதிர்த்திசையில் சேர்த்துப் பூட்டி மெல்லத் திருப்பச் சொல்லுங்கள். மாறி மாறி மினுங்கும். ஆடலோட்டத்தைக் கண்ணால் காட்ட இதைவிட மலிவான வழி எனக்குத் தெரியாது. (சில்லில் சாய்த்து ஓடவிட வேண்டாம், இரண்டும் கருகிவிடும். நான் கருக்கியிருக்கிறேன்.)

அதன்பின் ஒரு கேள்வி. தைனமோவில் இருந்து முன் லைற்றுக்குப் போவது ஒரே ஒரு வயர். சுற்று எங்கே பூர்த்தியாகிறது? சைக்கிளின் இரும்புச் சட்டமே திரும்பும் பாதை. அதனால்தான் தைனமோவைச் சட்டத்தில் பூட்டும் பிடிப்பானில் உள்ள சின்னக் கூர் ஆணி பெயின்ரைக் குத்தி இரும்பைத் தொட வேண்டும். கறள் ஏறினால் லைற் கண் சிமிட்டும். இதற்குப் படத்தில் இடமே இல்லை.

பொதுவாகத் தைனமோ 6 வோல்ற், 3 வாற். முன் குமிழுக்கு 2.4 வாற், பின் குமிழுக்கு 0.6 வாற். இறக்கத்தில் வேகம் ஏறினால் மின்னோட்டமும் அதே அளவுக்கு ஏறிவிடாது. சுருளே அதைத் தடுத்து, கிட்டத்தட்ட அரை அம்பியரில் நிறுத்தி வைக்கும். ஆனால் பின் குமிழ் எரிந்துபோனால் அதன் பங்கும் முன் குமிழின் தலையில் விழும், கொஞ்சத் தூரத்தில் அதுவும் போய்விடும். ஊரில் எத்தனை பேர் "இந்தக் குமிழ் கூடாது" என்று கடைக்காரரோடு சண்டை பிடித்திருப்பார்கள்! உயர்தர பௌதிகவியல் ஆசிரியர்களுக்கு இதில் ஒரு முழுப் பாடவேளையே இருக்கிறது.

பழங்கதை என்று தள்ளவும் முடியாது. ஜெர்மனியில் சாதாரணச் சைக்கிளுக்குத் தைனமோ கட்டாயம் என்ற சட்டம் 2013 வரை இருந்தது. ஜப்பானில் சந்தைக்குப் போகும் பெண்களின் சைக்கிள்களில் அது முன் சில்லின் நடுக்குடத்துக்குள் குடியேறி, இருட்டியதும் தானே லைற்றைப் போடுகிறது. நின்றால் அணைந்துவிடும் என்ற பழைய குறையையும் ஒரு கொள்ளளவி தீர்த்துவிட்டது.

இங்கே தைனமோக்கள் பழைய இரும்புக்காரரிடம் நிறைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. உங்கள் மாணவர் வீடுகளில் கேட்டால் இரண்டு மூன்றாவது கிடைக்கும். கிடைக்காவிட்டால் என்னுடைய ரலி இருக்கிறது. ரயர் மாற்றி, கூர் ஆணிக்குக் கறள் உரஞ்சி வைத்திருக்கிறேன். சொல்லுங்கள், பாடம் நடக்கும் நாளில் கொண்டுவந்து தருகிறேன். மிதிப்பது மட்டும் பிள்ளைகளாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு மாணவியின் தந்தை,
யாழ்ப்பாணம்