ஊசி போட்டபின் அரை மணி நேரம்

அன்புள்ள கோமுவுக்கு,

இங்கு எல்லோரும் நலம். சாரல் விழத் தொடங்கிவிட்டது. ஐந்தருவியில் நிற்க இடமில்லையாம், நாங்கள் போகவில்லை. மேலத்தெரு மனை அப்படியே கிடக்கிறது, பெரியப்பா கையெழுத்துப் போட்டால்தான் நகரும்.

பார்சல் ஒன்று அனுப்பியிருக்கிறேன். தொலி உளுந்து வறுத்துத் திரித்தது, கருப்பட்டி, பூண்டு லேகியம். ஆச்சி பேரனுக்கு வசம்பு வளையல் வாங்கி உள்ளே வைத்திருந்தாள், நான் எடுத்துவிட்டேன். ஐந்து மாதப் பிள்ளை கையில் கிடப்பதையெல்லாம் வாயில்தான் வைக்கும். ஆச்சியிடம் கிடைத்தது என்று சொல்லிவிடு. உளுந்தைக் களியாகக் கிண்டு, நல்லெண்ணெயைக் கஞ்சப்படாமல் ஊற்று. மாப்பிள்ளைக்குக் களி பிடிக்காது என்று நீ உனக்கும் கிண்டாமல் விட்டுவிடாதே.

போனில் சொல்ல வேண்டியதற்கு எதற்கடி அம்மா கடிதம் எழுதுகிறாள் என்று நினைப்பாய். போனில் எங்கே பேசுகிறாய்? பட்டனை அழுத்தினால் பேரன் முகம் வருகிறது. சிரிக்கிறான், குப்புற விழுகிறான், சந்தோஷம்தான். கேமரா கடைசிவரை அவன் பக்கமே இருக்கிறது. உன் கை மட்டும் அவ்வப்போது வந்து அவன் வாயைத் துடைத்துவிட்டுப் போகிறது. அந்தக் கையைப் பார்த்துத்தான் கேட்கிறேன்: ரத்தம் எப்போது பார்த்தாய்? எச்.பி. எவ்வளவு? இரும்புச்சத்து மாத்திரையைப் பிள்ளை பெற்ற பிறகும் ஆறு மாதம் சாப்பிட வேண்டும் என்று நான் ஊருக்கெல்லாம் சொல்கிறேன், நீ சாப்பிடுகிறாயா என்று கேட்டால் ஒரு கட்டைவிரல் படம் அனுப்புகிறாய். ஆம் என்றா, விடு என்றா, எனக்குத் தெரியவில்லை.

தைராய்டும் சேர்த்துப் பார்த்துவிடு. பிள்ளை பெற்ற வருஷத்தில் சிலருக்கு அது ஏறி இறங்கும். அலுப்பு, முடி கொட்டுவது, தூக்கம் வராமல் கிடப்பது, காரணமில்லாமல் எரிச்சல், அழுகை எல்லாம் அதனாலும் வரும். டி.எஸ்.எச். என்று கேட்டால் எந்த லேபிலும் எடுப்பார்கள். உனக்கு அப்படியெல்லாம் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை.

ஆஸ்பத்திரி சமாசாரம் எழுதுகிறேன், உனக்குச் சின்ன வயதிலிருந்தே அது பிடிக்கும். புதிதாக வந்திருக்கும் டாக்டரம்மாவுக்கு உன் வயதுதான் இருக்கும். ஹைகிரவுண்டு மெடிக்கல் காலேஜில் படித்த பெண். வந்த புதிதில் எங்களையெல்லாம் மேடம் மேடம் என்றாள், இப்போது அக்கா. கேட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற வேப்பமரம் ஞாபகம் இருக்கிறதா, நீ மாத்திரை அட்டையை வைத்துக் கடை விளையாடுவாயே, அதன் கீழே மூன்று சிமெண்ட் பெஞ்சு போட வைத்திருக்கிறாள். ஊர்க் கடைக்காரர்கள் பணம் கொடுத்தார்கள், கொத்தனார் கூலி வாங்கவில்லை.

புதன்கிழமை தடுப்பூசி. ஊசி போட்ட பிள்ளையை உடனே தூக்கிக்கொண்டு போகக்கூடாது, அரை மணி நேரம் இருக்க வேண்டும், ஏதாவது ஒத்துக்கொள்ளாமல் போனால் பார்ப்பதற்காக. உனக்குத் தெரிந்ததுதான். முன்பெல்லாம் அந்த அரை மணி நேரத்தில் நாங்கள் சுகாதாரக் கல்வி நடத்துவோம். படம் மாட்டி, குச்சியால் தொட்டுக் காட்டி, கை கழுவுவது எப்படி, கொசு எங்கே முட்டையிடும் என்று. பெண்கள் தலையை ஆட்டிக்கொண்டே மணியைப் பார்ப்பார்கள். டாக்டரம்மா ஒருநாள் பின்னால் நின்று கேட்டுவிட்டு, "அக்கா, பேசினது போதும், இனி அவங்க பேசட்டும்" என்றாள். எனக்குக் கொஞ்சம் சுருக்கென்றுதான் இருந்தது. இத்தனை வருஷம் பேசியவளிடம் வந்து பேசாதே என்றால்!

இப்போது படம் இல்லை. மகளிர் குழுவில் சுண்டல் அவித்துக் கொண்டுவருகிறார்கள், ஒரு வாரம் பாசிப்பயறு, ஒரு வாரம் கொண்டைக்கடலை. டீ உண்டு. பிள்ளைகளைப் பாயில் விட்டுவிட்டுப் பெண்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். ஊசியே இல்லாத ஆச்சிகள்கூட வருகிறார்கள், சுண்டலுக்கா பேச்சுக்கா தெரியவில்லை. முதலில் மருமகள் குறை, மாமியார் குறை, குழாயில் தண்ணீர் வராதது. பிறகு மெதுவாக மற்றது. பால் சுரக்கவில்லை என்பாள் ஒருத்தி. ராத்திரி பிள்ளை அழுதால் காதைப் பொத்திக்கொள்ளத் தோன்றுகிறது என்று இன்னொருத்தி சொல்லிவிட்டு, சொன்னதற்கே பயந்து எழுந்து போகப் பார்த்தாள். பக்கத்தில் இருந்தவள் முந்தானையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

எழுந்து போகப் பார்த்தாளே, அவள் வீட்டுக்கு நான் போயிருக்கிறேன். பிள்ளை பிறந்தால் மூன்றாம் நாள், ஏழாம் நாள் என்று 42-ஆம் நாள்வரை வீட்டுக்குப் போய்ப் பார்க்க வேண்டும். தொப்புள் பார்த்தேன், எடை போட்டேன், தாய்க்குக் காய்ச்சல் இருக்கிறதா, உதிரப்போக்கு எப்படி, கார்டில் எல்லாக் கட்டமும் நிரப்பினேன். பிள்ளை நல்ல எடை. வீடு சுத்தம். அவள் எல்லாவற்றுக்கும் "நல்லாருக்கேன் சிஸ்டர்" என்றாள், நானும் நல்லா இருக்கிறாள் என்று எழுதிவிட்டு வந்தேன். அந்த வேப்பமரத்தடியில்தான் சொன்னாள்: "எக்கா, இது நான் பெத்த பிள்ளையான்னே தெரியல. யார் வீட்டுப் பிள்ளையையோ பாத்துக்கிடுத மாதிரி இருக்கு."

அவள் மாமியார் அதற்குள் இரண்டு கோயிலுக்குக் கூட்டிப்போய்த் தாயத்துக் கட்டியிருந்தாள். மாமியாரைத் திட்ட மாட்டேன், அவளுக்குத் தெரிந்த வைத்தியம் அது. டாக்டரம்மா தாயத்தை அவிழ்க்கச் சொல்லவில்லை. "அது பாட்டுக்கு இருக்கட்டும், இதையும் செய்வோம்" என்று, மாவட்ட மனநலத் திட்டத்தில் வருகிற டாக்டரிடம் அனுப்பினாள். பால் கொடுக்கிறவள் சாப்பிடக்கூடிய மாத்திரைதான் கொடுத்தார்கள். மாத்திரை வேலை செய்ய இரண்டு மூன்று வாரம் ஆகும், அதுவரை ராத்திரியில் அவளை ஐந்து மணி நேரம் சேர்ந்தாற்போல் தூங்க விடுங்கள் என்று மாமியாரிடமும் புருஷனிடமும் சொன்னார்கள். தூக்கம்தான் முதல் மருந்தாம். இப்போது அந்தப் பெண் புதன்கிழமைக்கு முதல் ஆளாக வந்து பாய் விரிக்கிறாள். புதிதாகப் பிள்ளை பெற்று வருகிற பெண்களை அதட்டுகிறாள், "சும்மா நல்லாருக்கேன்னு சொல்லாத, நானும் அப்படித்தான் சொன்னேன்" என்று.

பிள்ளை பெற்ற முதல் பத்துப் பதினைந்து நாள் அழுகை வருவது சாதாரணம், தானாகப் போய்விடும். அதற்குப் பிறகும் போகாவிட்டால்தான் வேறு, பிரசவத்துக்குப் பின் வருகிற மனச்சோர்வு. நம் நாட்டில் நடந்த பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் 100 பேரில் 22 பேருக்கு அப்படி இருக்கிறது என்று 2017-ல் உலக சுகாதார நிறுவனத்தின் பத்திரிகையில் வந்ததாக டாக்டரம்மா காட்டினாள். ஐந்தில் ஒருத்தி. படிக்காதவளுக்குத்தான் வரும், பணமில்லாதவளுக்குத்தான் வரும் என்றெல்லாம் இல்லை. எனக்குக் கமலா சித்தி ஞாபகம் வந்தது. அன்றைக்கு யாருக்கும் எதுவும் தெரியாது.

அப்பா நலம். பிரஷர் மாத்திரையை 2021-லிருந்து வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்களே, அந்தப் பெண் மாறிவிட்டாள். புதிதாக வருகிறவள் உப்பைக் குறை, ஊறுகாயை நிறுத்து என்று கண்டிப்பு. அப்பா அவள் வருகிற நாளில் மட்டும் ஊறுகாய் ஜாடியை மேலே ஏற்றி வைக்கிறார்.

போன வாரம் சமுதாய வளைகாப்பு. அங்கன்வாடிக்காரர்கள் நடத்தினார்கள், மஞ்சள், குங்குமம், கலவைச் சாதம் எல்லாம் முறையாக. தாயில்லாத பெண் ஒருத்தி வந்திருந்தாள், நான்தான் வளையல் போட்டுவிட்டேன். கையை நீட்டியபடி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். உனக்கு அங்கே புனேயில் யார் இருக்கிறார்கள் என்று அப்போது நினைத்தேன். உன் அத்தை நல்லவர்கள்தான், குறை சொல்லவில்லை. ஆனால் அவர்கள் போனவாரம் என்னிடம், "கோமதி எப்பவும் ரூமுக்குள்ளயே இருக்கா" என்றார்கள். ஆபீஸ் வேலையாக இருக்கும் என்றேன். நீ லீவில் இருப்பது அவர்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

அந்த லீவு 26 வாரம். முடிய அதிக நாள் இல்லை. உன்னைப் பெற்றபோது எங்களுக்குத் தொண்ணூறு நாள்தான், இப்போது எங்கள் டிபார்ட்மெண்டில் ஒரு வருஷம் தருகிறார்கள். நம் தெருவில் முதலில் இன்ஜினியர் ஆனவள் நீ. உன் பெயரைச் சொல்லித்தான் இன்றைக்கும் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளை ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்திப் புத்திமதி சொல்கிறேன். வேலையை விடு என்று நான் சொல்வேனா? ஆனால் ஒரு மாதம் தள்ளிப் போகிறேன் என்று கேட்டால் தலை போய்விடாது. கேட்பதற்கு உனக்கு எப்போதுமே கூச்சம். ஹாஸ்டலில் டைபாய்டு வந்தபோதும் நான்காம் நாள்தானே சொன்னாய், அதுவும் வார்டன் சொல்லி.

ராத்திரி ஒரு வேளைப் பாலை மாப்பிள்ளை கொடுக்கட்டும். பீய்ச்சி மூடி வைத்தால் வெளியிலேயே நான்கு மணி நேரம் இருக்கும், ஃபிரிட்ஜில் ஒரு நாள் தாராளமாக இருக்கும். அவருக்குச் சொல்ல உனக்குச் சங்கடமாக இருந்தால் நான் சொல்கிறேன், நர்சு சொன்னால் கேட்பார். ரத்தம் பார்ப்பதை மறக்காதே. எச்.பி.யும் தைராய்டும்.

பார்சலில் உளுந்து மாவுக்குக் கீழே ஒரு தாள் இருக்கும். டாக்டரம்மா எங்களுக்குக் கொடுத்தது, 1987-ல் ஸ்காட்லாந்துக்காரர்கள் தயாரித்ததாம், தமிழில் இருக்கிறது. பத்துக் கேள்வி, கடந்த ஏழு நாள் எப்படி இருந்தது என்று. உன் ஆபீசில் பிள்ளை பெற்ற தோழி யாராவது இருந்தால் கொடு. ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து 3 வரை மதிப்பெண். கூட்டினால் 10 அல்லது அதற்கு மேல் வந்தால் டாக்டரிடம் பேச வேண்டும். 13-ஐத் தொட்டாலே தள்ளிப்போடக் கூடாது. பத்தாவது கேள்வி மட்டும் தனி, தன்னையே ஏதாவது செய்துகொள்ளத் தோன்றியதா என்று கேட்பது. அதற்குப் பூஜ்யத்தைத் தவிர வேறு எது வந்தாலும், மொத்தம் எவ்வளவு என்று பார்க்கக்கூடாது, அன்றைக்கே சொல்ல வேண்டும். 14416 என்ற எண்ணுக்கு இந்தியாவில் எங்கிருந்தும் எந்நேரமும் பேசலாம், காசு கிடையாது, தமிழிலும் பேசுவார்கள். அந்தத் தோழிக்கு அது சரிப்படாவிட்டால் என் நம்பரைக் கொடு. ராத்திரி இரண்டு மணியானாலும் எடுப்பேன். பிரசவத்துக்கு எழுந்து எழுந்து எனக்கு அந்த நேரத்தில் விழிப்புத்தான்.

தோழி என்று யாரும் இல்லாவிட்டாலும் தாளைத் தூக்கிப் போடாதே.

பேரனுக்கு 14-ஆம் வார ஊசி முடிந்ததல்லவா, அடுத்தது ஒன்பதாம் மாதம். ஆறு மாதம் முடிந்ததும் சோறு ஊட்டத் திருச்செந்தூர் வருவதாகப் பேச்சு. நீ வர முடியாதென்றால் பரவாயில்லை, நான் வருகிறேன். எனக்கு ஈட்டிய விடுப்பு நிறையக் கிடக்கிறது, டாக்டரம்மாவிடம் ஜாடையாகச் சொல்லியும் வைத்திருக்கிறேன். நாகர்கோவில்–மும்பை வண்டியில் திருநெல்வேலியில் ஏறினால் மாறாமல் புனேயில் இறங்கலாம். அப்பாவுக்குச் சாப்பாட்டுக்கு ஆச்சி இருக்கிறாள், ஊறுகாயைப் பற்றி இரண்டு பேருக்கும் ஒரே அபிப்பிராயம்.

வேண்டாம் என்றால் வாயைத் திறந்து வேண்டாம் என்று சொல். கட்டைவிரல் அனுப்பாதே. ஞாயிற்றுக்கிழமைக்குள் உன் குரலில் பதில் வராவிட்டால் திங்கட்கிழமை லீவு எழுதிக் கொடுத்துவிடுவேன்.

இப்படிக்கு,
அம்மா