உலகம் சுத்தற காமெடி துப்பறியும் நாவல் எழுதறவங்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள எழுத்தாளர்களே,

இந்த மாதிரி நாவல்னா எனக்கு உயிர். சம்பந்தா சம்பந்தமே இல்லாத ரெண்டு பேரு, கையில ஒரு பெட்டி, பின்னாடி ஒரு கொலை, அத்தியாயத்துக்கு ஒரு நாடு. அந்த உரிமையிலதான் திட்டறேன், கோச்சுக்காதீங்க.

முதல்ல ஊர் விஷயம். அஞ்சு நாடு சுத்தறீங்க சரி, ஆனா அந்த ஊர் பேர அழிச்சுட்டு வேற பேர் போட்டாலும் கதை அப்படியே ஓடுதே, அப்புறம் எதுக்கு ஃப்ளைட் டிக்கெட்டு? வெனிஸ் பழைய நகரத்துக்குள்ள கார் சேஸிங் வைக்கறீங்க. கார் எல்லாம் ஊர் வாசல்ல இருக்கற பியாசாலே ரோமாங்கற சதுக்கத்தோட நின்னுடும்ங்க, அதுக்கப்புறம் கால்வாயும் பாலமும்தான். ஓடறவனும் துரத்தறவனும் வேற வழியில்லாம ஒரே படகுல ஏறி பக்கத்து பக்கத்துல உக்காந்து போறாங்க பாருங்க, அதுதான் காமெடி, அத விட்டுட்டீங்களே.

அப்புறம் இன்டர்போல். கோட்டு போட்ட ஒருத்தர் ஏர்போர்ட்ல குதிச்சு வந்து விலங்கு மாட்டறார். பிரான்ஸ்ல லியோன்ங்கற ஊர்ல தலைமை ஆபீஸ் வச்சிருக்கற அவங்களுக்கு யாரையும் கைது பண்ற அதிகாரமே கிடையாது, ரெட் நோட்டீஸ்ங்கறதும் வாரன்ட் இல்ல, இந்த ஆள தேடிப் புடிச்சு வைங்கன்னு மத்த நாட்டு போலீஸுக்கு விடற வேண்டுகோள்தான், என்ன பண்றதுன்னு அந்தந்த நாடு அவங்க சட்டப்படி முடிவு பண்ணும். கண்ணெதிர்ல திருடன் ஐஸ்கிரீம் சாப்பிட்டுட்டு நிக்க, இவர் லோக்கல் ஸ்டேஷனுக்கு போன் போட்டு ஹோல்டுல காத்துட்டு இருந்தா எவ்ளோ நல்லா இருக்கும்!

க்ளூவெல்லாம் ஊருக்குள்ளயேதான் கிடக்கு. பசிபிக் கடல்ல இருக்கற சாமோவாங்கற தீவு நாட்ட எடுத்துக்கங்க, 2011 டிசம்பர் 29 ராத்திரியோட அவங்க சர்வதேச தேதிக்கோட்டுக்கு மேற்கால தாவிட்டாங்க, அதனால அந்த வருஷம் அங்க டிசம்பர் 30ங்கற நாளே கிடையாது, விடிஞ்சா 31. இப்ப ஒரு ரிட்டயர்டு அக்கவுண்டன்ட் பாட்டி, கூட ஒரு பிக்பாக்கெட் பையன்னு வைங்க. "கொலை நடந்தப்ப நான் சாமோவால இருந்தேன்"னு வில்லன் அந்த டிசம்பர் மாச ஹோட்டல் பில்ல தூரத்துல இருந்தே ஆட்டிக் காட்டிட்டு பாக்கெட்ல போட்டுக்கறான். பையன் அத உருவிட்டு வர்றான். பாட்டி கண்ணாடிய ஏத்தி விட்டுட்டு, "29 வந்து 31 காலி பண்ணியிருக்கான், இருந்ததே ஒரு ராத்திரி, பில்லுல ரெண்டு ராத்திரின்னு போட்டிருக்கு, அதுக்கு எவன்டா காசு குடுப்பான்?" பில்லு போலி, கேஸ் க்ளோஸ்.

இதுல பாட்டி இல்லாட்டியும் நடக்காது, பையன் இல்லாட்டியும் நடக்காது. உங்க ஜோடியில ஒருத்தர் மூளை, இன்னொருத்தர் வெறும் வழுக்கி விழறவர். ரொனால்ட் நாக்ஸ்ங்கற இங்கிலாந்து எழுத்தாளர் 1929ல துப்பறியும் கதைக்கு பத்து விதி போட்டார், அதுல துப்பறியறவரோட அசட்டு நண்பனுக்கு சராசரி வாசகன விட அறிவு கொஞ்சமே கொஞ்சம் கம்மியா இருக்கணும்னார். கொஞ்சமே கொஞ்சம்! நீங்க மொத்தமா உருவிட்டு நாலு கண்டத்துக்கு இழுத்துட்டுப் போறீங்க, அதுக்கு இன்னொரு பெட்டி வாங்கியிருக்கலாம். (முன்னாடியே கோடி காட்டாம இரட்டையர இறக்காதீங்கன்னும் அதே லிஸ்ட்ல இருக்கு. யாரு படிச்சா.)

பாட்டியையும் பையனையும் யார் வேணா எடுத்துக்கங்க, காசு வேணாம்.

இப்படிக்கு,
உங்க புத்தகத்த மேப்ப விரிச்சு வச்சுட்டு படிக்கற ஒரு வாசகி