பெயரை எடுத்துவிட்டால் போதுமா?

அன்புள்ள பெற்றோருக்கு வணக்கம்.

பல பள்ளிகளின் மதிப்பெண், வருகைப்பதிவு, உடல்நல விவரங்களைத் திரட்டி நடக்கப்போகும் ஆய்வுக்கு நம்மிடமும் கேட்டிருக்கிறார்கள். "பெயரைத்தான் எடுத்துவிடுகிறார்களே, அப்புறம் என்ன?" என்று சிலர் கேட்டீர்கள். நியாயமான கேள்வி. ஆனால் பெயரை எடுத்தால் மட்டும் போதாது.

1990களில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் அரசு ஊழியர்களின் மருத்துவப் பதிவுகளைப் பெயர் நீக்கித்தான் ஆய்வாளர்களுக்குக் கொடுத்தார்கள். அப்போது மாணவியாக இருந்த லதான்யா ஸ்வீனி, வாக்காளர் பட்டியலை விலைக்கு வாங்கி, பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு மூன்றையும் பொருத்திப் பார்த்து, ஆளுநர் வில்லியம் வெல்டின் பதிவையே கண்டுபிடித்துவிட்டார்.

பள்ளியில் இது இன்னும் சுலபம். ஏழாம் வகுப்பு, பெண், வருட நடுவில் சேர்ந்தவள், இன்சுலின் போட்டுக்கொள்பவள் (உதாரணம்தான், நிஜப் பிள்ளை இல்லை) என்று இருந்தால், பக்கத்து பெஞ்சுப் பையனே பெயரைச் சொல்லிவிடுவான்.

அதனால் பிறந்த தேதிக்குப் பதில் வருடம் மட்டும் தருவோம், அஞ்சல் குறியீடு தரமாட்டோம், ஒரே மாதிரி விவரம் உள்ளவர்கள் பத்துப் பேருக்குக் குறைவாக இருந்தால் பட்டியலில் அவர்களுடைய வரிசையே போகாது. ஆசிரியர்கள் எழுதும் 'குறிப்பு' கட்டத்தை முழுசாக நீக்கச் சொல்லிவிட்டேன். என்னைக் கேட்டால் ஆபத்தே அங்கேதான்: "அப்பா, அம்மா பிரிந்திருக்கிறார்கள், பாட்டி வீட்டிலிருந்து வருகிறான்" என்று நல்ல மனதோடு எழுதியதுதான், அதற்காக அது ஊர் சுற்ற வேண்டியதில்லை.

பெரிய பிள்ளைகளிடம் 'காப்பியடித்ததுண்டா?' என்றும் கேட்பார்கள். அதற்கு நாணயம் சுண்டும் முறையைக் கேட்டிருக்கிறேன். பிள்ளைகள் யாருக்கும் காட்டாமல் சுண்டுவார்கள்; தலை விழுந்தால் உண்மையைச் சொல்ல வேண்டும், பூ விழுந்தால் எதுவானாலும் 'ஆம்'. நூறு பேரில் அறுபது 'ஆம்' வந்தால், ஏறக்குறைய ஐம்பது நாணயத்தால் வந்தது, மீதி ஐம்பது பேரில் பத்துப் பேர், அதாவது சுமார் இருபது சதவீதம், காப்பியடித்திருக்கிறார்கள். 'ஆம்' சொன்னவர்களில் அந்தப் பத்துப் பேர் யார் என்று எனக்கும் தெரியாது! இந்த வழிக்கு அடித்தளம் போட்டவர் ஸ்டான்லி வார்னர், 1965இல்.

ஒப்புதல் படிவம் பிள்ளைகளிடம் வருகிறது. விருப்பமில்லை என்றால் 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்திடுங்கள், காரணம் கேட்கமாட்டோம். அப்புறம் ஒன்று, வகுப்பு மதிப்பெண் பட்டியலைப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப் குழுவில் போடுவதைத் தயவுசெய்து நிறுத்துங்கள், அதில் பெயரைக்கூட யாரும் எடுப்பதில்லை.

அன்புடன்,
தலைமையாசிரியர்