பந்து பின்னாடி ஓடாத மாப்ள

மாப்ள,

உன் மெசேஜுக்கு பதில் போட ரெண்டு நாளாயிடுச்சு, அம்மாவுக்கு கண்ணுல புரை எடுத்தாங்க, இப்ப நல்லா தெரியுதுன்னு பேப்பர கைய விட்டு எறக்கறதே இல்ல. உன் பொண்ணு பாண்டி உப்பளத்துல ஃபுட்பால் ஆடுதுன்னதும் எனக்கு அவ்ளோ சந்தோஷம்டா.

நீ அனுப்புன போட்டோ எல்லாத்தையும் பாத்தேன், பாதிக்கு மேல முதுகுதான். பந்து போற பக்கமெல்லாம் கேமராவ திருப்பினா அப்படித்தான் வரும், பையன் மேட்ச்ல நானும் ஒரு வருஷம் இதையேதான் பண்ணேன். ரெஃப்ரிகிட்ட கேட்டுட்டு, அவங்க டீம் கோல் அடிக்கிற பக்கம் கோல் லைனுக்கு வெளிய கொஞ்சம் தள்ளி உக்காந்துடு, புள்ளைங்க தானா உன்ன பாத்து ஓடி வரும். உக்காந்துதான் எடுக்கணும், நின்னா உச்சந்தலையும் தரையும்தான் விழும்.

ஷட்டர் வேகத்த 1/1000 செகண்டுக்கு கீழ எறக்காத. ஐஎஸ்ஓவ, அதான் படத்த எவ்ளோ வெளிச்சமா காட்டணும்கிற செட்டிங்க, ஆட்டோல விட்டுடு, புள்ளி புள்ளியா வந்தா வரட்டும், கலங்கின முகத்த எவனாலயும் சரி பண்ண முடியாது. ஃபோகஸ ஏஐ சர்வோல வை, ஓடற ஆள விடாம தொடரும், கூடவே அழுத்தி புடிச்சா படபடன்னு எடுக்கற பர்ஸ்ட் மோட், கால் பின்னாடி போறப்பவே அழுத்திடு, பந்துல பட்டப்புறம் அழுத்தினா பந்து ஃபிரேம்லயே இருக்காது.

வெளிச்சம்தான் எல்லாத்தையும் விட முக்கியம். உச்சி வெயில்ல கண்ணு ரெண்டும் கறுப்பு குழி. இங்க கடலூர் சில்வர் பீச்ல சாயங்காலம் பசங்க ஆடறப்ப ஊருக்கு முதுக காட்டி உக்காந்துக்குவேன், எறங்குற வெயில் நேரா அவங்க முகத்துல விழும், பின்னாடி முழுக்க கடல், அதே எடத்துல விடிகாலைல எடுத்தா சூரியன் கடல் பக்கம் இருக்கறதால முகமெல்லாம் இருட்டு. மண்ணுல மட்டும் லென்ஸ கழட்டிடாத, வீட்டுக்கு வந்ததும் உப்புக்காத்து ஈரத்த தொடைச்சிடு.

இன்னொன்னு, உன் பொண்ண மட்டும் எடுக்காதடா. போன மாசம் கோல் விட்ட கீப்பர் பையன் தலைய தொங்கப்போட்டு நின்னான், டிஃபென்ஸ்ல ஆடுற சின்னவன் ஓடிவந்து அவன் தோள்ல கை போட்டான், பந்து எங்க இருந்துச்சுன்னே எனக்கு தெரியல. அத பிரிண்ட் போட்டு கீப்பர் பையனோட அம்மாகிட்ட குடுத்தேன், பையன் கிரவுண்டுல நிக்கிற படம் இதுவரைக்கும் ஒன்னுகூட இல்லன்னு சொல்லி அந்தக்கா அதையே பாத்துட்டு நின்னாங்க. குரூப்ல போடறதுன்னா அப்பா அம்மாவ ஒரு வார்த்தை கேட்டுக்க.

உன் 18-55 லென்ஸ் அவ்ளோ தூரத்துக்கு பத்தாது. என் 55-250 ஜூம் லென்ஸ் சும்மாதான் கெடக்கு, ஞாயித்துக்கிழமை பொண்ணையும் கூட்டிட்டு வா, எடுத்துட்டு போ. அம்மா மீன் கொழம்பு வைக்கிறேன்றாங்க.

உன் மாப்ள,
மஞ்சக்குப்பத்துலேந்து